துரையின் இடது காது

ஜூன் 4

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று மெசேஜில் கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்து வருகிறது. அதனால்தான் கடிதம். பதிலும் கடிதமாகவே வரட்டும். காது கேட்காதவளுக்கு நீளமாகப் பேசக் கிடைப்பது காகிதத்தில்தான்.

இன்றைக்கு முழுக்க உன் துரையைப் பற்றிய புகார். "எங்க ஆய்வுக்கூடத்து நாய்க்கா. இவனுக்கு மருந்து எதுவும் கொடுக்கல, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வெச்சிருந்தோம். வேலை முடிஞ்சது, வளர்க்கிறியா?" என்று நீ கொண்டுவந்து விட்டபோது எவ்வளவு சமர்த்தாக இருந்தான்! வாசல் மணி அடித்தால் ஓடிவந்து என் முழங்காலை மூக்கால் இடிப்பான். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறப்பேன். நாற்பது வருஷமாக இல்லாத காது எனக்கு நாலு காலில் வந்தது என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். என் கண்ணே பட்டுவிட்டது போலிருக்கிறது.

இப்போது பேருக்கேற்றபடி நிஜத் துரையாகிவிட்டார். போன வாரம் டீச்சரம்மா துணி வாங்க வந்து, மணியடித்து ஓய்ந்து, கடைசியில் மாடி வராந்தா ஜன்னல் பக்கம் வந்து கையை ஆட்டினாள். "எத்தனை தடவைதான் பெல் அடிக்கிறது? கை வலிக்குது!" என்று உதட்டைப் பார்த்தே புரிந்தது. இவன் என் காலடியில் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் போய் முனைக் கடையில் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் மட்டும் வாலாட்டுகிறான். பின்னாலிருந்து தொட்டால் தூக்கிவாரிப் போட்டு எழுகிறான். செல்லம் கொடுத்து நான்தான் கெடுத்துவிட்டேனா?

வேளைக்குச் சாப்பிடு. செத்ததை அறுக்கிற கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பாடு வழக்கம்போலத்தான். ஆய்வகத்தில் ஒரு பெரிய அறிக்கை முடியும் தறுவாயில் இருக்கிறது, கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி.

துரையைத் திட்டாதே. நீ கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? அவன் பார்க்காதபோது கத்தரிக்கோல் கீழே விழுந்தால் காது அசைகிறதா? தலையைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறானா? நிதானமாகக் கவனித்து எழுது.

இன்னொரு சின்ன வேலை. அவனுடைய இடது காது மடலைத் திருப்பி, உள்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பார். பச்சை மையில் ஓர் எண் குத்தியிருக்கும். மங்கலாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
சின்னவள்

ஜூன் 12

சின்னவளுக்கு,

நீ "சும்மாதான்" என்று சொன்னால் அது சும்மாவாக இருக்காது. அப்பாவின் ரிப்போர்ட் வந்த அன்றைக்கும் "சும்மாதான், ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றுதான் என்னைக் கூட்டிப் போனாய்.

கத்தரிக்கோல் விழுந்தால் காது அசைகிறதா என்று என்னைப் போய்க் கேட்கிறாயே! கத்தரிக்கோல் விழுந்ததே எனக்குக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கூப்பிட்டால் வருவதில்லை. என் முகத்தைப் பார்த்தால் வருகிறான்.

காதை நான் திருப்பவில்லை. திருப்பவும் மாட்டேன். எண்ணைச் சொன்னால் அவனை வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று கேட்காதே. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பாய். இருளாவிட்டால் போகட்டும், நான் பூனையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

என்ன நடந்தது என்று மென்று முழுங்காமல் எழுது.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்கா,

சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

நுரையீரலில் வரும் ஒரு பிடிவாதமான தொற்றுக்குப் புது மருந்து. அதை விலங்குகளுக்குக் கொடுத்து, பிறகு அவற்றின் உறுப்புகளை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மருந்தை நிறுத்தியவுடன் பார்த்த நாய்கள் எல்லாவற்றிலும் உள்காது நன்றாக இருந்தது. ஆனால் சில மருந்துகளின் கேடு மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்காக, மருந்து கொடுத்த ஒரு நாயை மட்டும் பல மாதம் வைத்திருந்து கடைசியில் பார்த்தேன். அதுவும் பழுதில்லை. "செவிக்குப் பாதிப்பு இல்லை" என்று எழுதினேன்.

அந்த நாயும் துரையும் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒரே புள்ளி, ஒரே மூஞ்சி. பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. காதில் குத்திய எண் சரியாகத் தெரியாததால் கழுத்துப் பட்டையை வைத்துத்தான் எல்லோரும் அடையாளம் பார்ப்போம். துரையை உன்னிடம் கொண்டுவருவதற்கு முன் இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டும்போது பட்டையைக் கழற்றிவிடுவார்கள். பட்டை மாறியிருந்தால், மருந்து குடித்தவன் உன் வீட்டில் இருக்கிறான். நான் வெட்டிப் பார்த்தது ஒன்றும் குடிக்காதவனை. இதெல்லாம் உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. அந்த இன்னொரு நாயின் காது மடலை எப்போதோ எரித்தாயிற்று. இனிப் பார்ப்பதற்கு இருப்பது துரையின் காது மட்டும்தான்.

எந்த எண் யாருடையது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால், மங்கிய மையில் நீ எதைப் பார்க்க ஆசைப்படுகிறாயோ அதுதான் உன் கண்ணுக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். உயிரோடு வைத்தே அவன் செவியைச் சோதிக்கலாம். கொஞ்சம் மயக்கம், தலையில் ஒட்டும் கம்பிகள், வலி இல்லை. ஆனால் அதோடு விடுவார்களா தெரியவில்லை. உள்காதையே பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு அவன் உயிரோடு இருக்க முடியாது.

நேரில் வரத் துணிவில்லை. உன் காலடியில் அவன் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கேட்க வாய் வராது.

சின்னவள்

ஜூன் 20

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மெசேஜையும் நீ பார்க்கவில்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் எழுது.

எங்கள் ஆய்வகத்துப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். "நாய் மணிச் சத்தத்துக்கு எழுந்திருக்கலன்னு உங்க அக்கா எழுதினாங்க, அதனால எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு நான் போய்ச் சொல்ல முடியுமா? கையில ஏதாவது கொண்டாங்கம்மா" என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்த மாதம் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். முதல் வரிசையில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் வேறு ஒருவரை வைத்துப் போட்டுக்கொள்வார்கள். பயமாக இருக்கிறது அக்கா. தபால் வரும் நேரமானால் வாசலிலேயே போய் நிற்கிறேன்.

சின்னவள்

ஜூன் 23

என் சின்னவளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். உன் மேல் பாதி, எவன் மேல் என்று தெரியாமல் மீதி.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றைத் தேடினேன். ஒன்பது வயதில் எனக்குக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியைப் பற்றி எங்கேயாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். காய்ச்சல் போயிற்று, கூடவே காதும் போயிற்று. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் மறுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன்.

நீ எழுதாவிட்டாலும் எனக்கு ஞாபகம் வராமல் போகுமா? அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஊசி இப்படிச் செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பெரிய பாத்திர மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் ஓங்கித் தட்டினேன். திரும்பவில்லை. கை வலிக்க வலிக்கத் தட்டினேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, அவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கீழ் வீட்டம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "என்னாச்சு உங்களுக்கு? பைத்தியமா பிடிச்சிருக்கு? புள்ள அலறுது!" என்று கத்தினாள். குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. அவளை அப்படியே கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, பாவம்.

அதற்குப் பிறகுதான் காதைத் திருப்பினேன். கீழ் வீட்டம்மாவையும் தனியாகப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் தெரிந்தது 36. அது யாருடைய எண் என்று நீ சொல்லவில்லை. இனிச் சொல்ல வேண்டாம், மூடியைத் தட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உங்கள் பெரியவரிடம் காட்டு. கம்பி ஒட்டிச் சோதிக்க நானே அவனைக் கூட்டி வருகிறேன், மயக்கம் தெளிகிற வரை பக்கத்திலேயே இருப்பேன். சோதனை முடிந்ததும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுக்கு ஆயுசு முடிகிற அன்றைக்கு இரண்டு காதையும் உனக்கே தருகிறேன். அதற்கு ஒரு நாள் முன்னால் யார் கேட்டாலும், நீயே கேட்டாலும், கொடுக்க மாட்டேன். குழந்தைகளுக்குக் கொடுப்பதை நிறுத்த ஒரு செவிட்டு நாய் உயிரோடு இருப்பது போதாது என்று உங்கள் ஆட்கள் சொன்னால், செவிட்டு மனுஷியும் ஒருத்தி இருக்கிறாள், அவளையும் வந்து பார்க்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வா. துணிவில்லை என்று இன்னொரு தரம் எழுதாதே. மணியடித்துக்கொண்டு வாசலில் நிற்காதே, இந்த வீட்டில் இனி யாருக்கும் கேட்காது. கதவைச் சும்மா சாத்தி வைத்திருப்பேன், தள்ளிக்கொண்டு வா.

உன்,
அக்கா