பெட்டியில் எழுதிய வகுப்பு

என்னங்க,

கடைச் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலுக்கு வாங்கிய டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதி, பெயின்டர் சுருளிராஜன் மத்தியானம் கொண்டுவந்தார். 'கி. எப்சிபா, ஒன்பதாம் வகுப்பு' என்று இருந்தது. பிள்ளைதான் ஒன்பதை முடித்துவிட்டாளே, தப்பாக எழுதிவிட்டீர்களே என்று அவரைச் சத்தம் போட்டேன். "இல்லக்கா, அண்ணன்தான் போன்ல ஒம்பதுன்னு போடச் சொன்னாக" என்றார்.

உடனே அவள் சேரப்போகிற ராணுவப் பள்ளிக்கே போன் போட்டேன். ஆறிலும் ஒன்பதிலும் மட்டும்தான் சேர்ப்பார்களாம். இங்கே படித்த வருஷம் அங்கே கணக்கில் வராதாம். அவள் ஒன்பதையே திரும்பப் படிக்கட்டும் என்று மார்ச்சிலேயே சம்மதம் சொல்லிவிட்டீர்களாம். அதற்கப்புறமும் பஜாரில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தீர்களே, எப்படி மனசு வந்தது? அவளும் அந்தப் பள்ளிக்கு ஆசைப்பட்டவள்தான். கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பாள்.

நான் கம்பத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளைக்கு வருவேன். அவள் டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்துவிடுவாள். பெட்டியை இன்னும் பார்க்கவில்லை. போர்வை போட்டு மூடியிருக்கிறேன். அதை எடுக்க வேண்டியது நீங்கள்.

ஜெபஷீலா

அவள் மீன் தொட மாட்டாள், ஆம்லெட் போட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கேட்பாள். இன்றைக்கு மத்தியானம் வரை தெரியாது என்று சொல்லுங்கள். அந்த ஒன்றையாவது அவளிடம் உண்மையாகச் சொல்லுங்கள்.