டெல்ஃபின் போட்ட கையெழுத்து

மார்ச் 9

டெல்ஃபின் சம்மதித்துவிட்டாள். மாநில அவைக்கு நிற்கப்போகிறாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "சரி, நிக்கிறேன். இனிமேலாவது என்னை நச்சரிக்காம இருடி" என்றாள். ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விச்சிட்டா நகரத்துக்கு ஃபோன் போட்டு, எங்கள் நிதிக்குழுத் தலைவி பிலிப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் நம்ப முடியவில்லை. பழமைவாதக் கட்சிக்குள் இருந்துகொண்டு, கர்ப்பம் பற்றிய முடிவு அந்தப் பெண்ணுடையது என்று வெளிப்படையாகச் சொல்லும் வேட்பாளர் கிடைப்பது அவ்வளவு சுலபமா? அப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான் நிதி திரட்டுகிறோம். எதிர்க்கட்சிக்காரர்கள் எங்களை நம்புவதில்லை. சொந்தக் கட்சிக்காரர்கள் மாநாட்டில் கழிவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுப்பார்கள். அரசாங்கம் என் வயலுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாதென்றால் என் வயிற்றுக்குள் மட்டும் எதற்கு? ஊர் ஊராக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 17

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிதிக் கூட்டம். மாட்டிறைச்சிச் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் நானே செய்தேன். மாட்டு டாக்டராயிற்றே, டெல்ஃபின் எங்கோ ஒரு பசுவைக் கன்று ஈன வைத்துவிட்டு நேரே வந்தாள், சட்டைக் கையில் கறையோடு. "நாத்தத்துக்கு மன்னிக்கணும். இன்னிக்குப் பசுவும் பிழைச்சுது, கன்னும் பிழைச்சுது. எப்பவும் அப்படி அமையாது" என்று ஆரம்பித்தாள். ஒருவர்கூட இருமவில்லை. ஆர்ரின் கடைசி வரிசையில் நின்று, என்னைவிட அவள் நன்றாகப் பேசுகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் புருஷனுக்கு இப்படியொரு பெருந்தன்மை.

இவள் ஜெயிப்பாள்.

மே 6

டெல்ஃபினின் கால்நடை மருத்துவமனைக் கதவில், மாட்டு வைத்தியம்தான் செய்கிறாள் பாவம், 'கொலைகாரி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவள் புருஷன் மார்லின் கிழித்துப் போட்டாராம். டெல்ஃபின் சிரித்தபடிதான் சொன்னாள்.

மே 19

பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக மாடுகளை வைத்தியத்துக்கு அடுத்த ஊருக்கு ஓட்டிப்போகிறார்கள். ஷ்ராக் குடும்பம்கூட. அவர்கள் மந்தையையே ஒரு பனிக்காலத்தில் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். கருக்கலைப்பு எதிர்ப்புச் சங்கத்தார் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு சுற்றுகிறார்கள். கருக்கலைப்பை முழுவதும் தடை செய்ய வேண்டும், எந்த விதிவிலக்கும் கிடையாது, தாயின் உயிருக்கு ஆபத்தென்றாலும் கிடையாது. கையெழுத்துப் போடாத வேட்பாளருக்கு எதிராக ஆள் நிறுத்துவார்களாம்.

மே 27

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவளே வந்து சொன்னாள். சமையலறையில் உட்காரக்கூட இல்லை. "உன்னை மிரட்டினாங்களா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். வருமானம் இல்லாமல் மார்லின் இரண்டு ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம், அடுத்தது வீட்டையே விற்க வேண்டியதுதான் என்கிறாராம்.

"உனக்கென்னடி, நீ பணம் திரட்டுவே. ஓட்டு விழலேன்னா அடுத்த ஆளைப் பாப்பே. இந்த ஊர்த் தெருவுல மூஞ்சியைக் காட்டிட்டு நடக்க வேண்டியவ நான்தான்."

"நீ எதுல கையெழுத்துப் போட்டேன்னு படிச்சியா, டெல்ஃபின்?"

"படிச்சேன்."

குழு கொடுத்த காசோலையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 28

காசோலையை உறையில் போட்டு விச்சிட்டாவுக்கு முகவரி எழுதினேன். ஆர்ரின்தான் தபால்தலை ஒட்டினார்.

ஜூன் 3

பிலிப்பா விச்சிட்டாவிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"டெல்ஃபினுக்குக் கலைஞ்சுபோச்சே, அந்தக் குழந்தை விஷயத்துல ஏதோ இருக்குன்னு எனக்குக் காதுல விழுந்திருக்கு. நீங்கதானே அன்னிக்குக் கூட இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

இருந்தேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை. பல வருஷங்களுக்கு முன், கோதுமை அறுவடை நேரம், மார்லின் அறுவடை இயந்திரத்தோடு வடக்கே போயிருந்தார். டெல்ஃபினுக்கு ஐந்தாம் மாதம். பனிக்குடம் உடைந்து, காய்ச்சல் ஏறி, உதடெல்லாம் வெளுத்துவிட்டது. குழந்தையின் இதயம் இன்னும் துடிக்கிறது, காத்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டர். முடிவு அவள்தான் எடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, முழு நினைவோடு. தானாகக் கலைந்துவிட்டது என்றுதான் ஊருக்குத் தெரியும். மார்லினுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பத்திரத்தில் இருப்பது அன்றே சட்டமாகியிருந்தால் இன்று கையெழுத்துப் போட அவள் இருந்திருக்கவே மாட்டாள். ஊர் அறிய வேண்டாமா? அறிந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெட்கமாக இருக்கிறது, உண்மையிலேயே யோசித்தேன்.

ஜூன் 4

பிலிப்பாவிடம் ஃபோனில், அன்று காய்ச்சலாயிருந்தது, வேறொன்றும் இல்லை என்றேன். "அப்ப இத்தனை வருஷமா நாம எதுக்குப் பாடுபட்டோம்?" என்றார். நல்ல கேள்விதான். அவர் நம்பவில்லை. குரலிலேயே தெரிந்தது.

ஆகஸ்ட் 3

உட்கட்சித் தேர்தல். டெல்ஃபினை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சாவடிக்குப் போனேன். அவள் பெயருக்கு நேரே ஒன்றும் குறிக்காமல் திரும்பினேன்.

தேவாலயத்தில் இப்போதெல்லாம் டெல்ஃபினும் மார்லினும் முன்வரிசையில் உட்காருகிறார்கள். ஷ்ராக் குடும்பத்தோடு.

டிசம்பர் 11

குழுவைக் கலைத்தாயிற்று. டெல்ஃபின் கையெழுத்துப் போட்டு ஜெயித்த பிறகு நன்கொடையாளர்கள் ஃபோனை எடுப்பதில்லை. பிலிப்பா எனக்குக் கை கொடுக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். நான் துரோகிக்குத் துணைபோனவளாம். ஊர்க்காரர்களுக்கோ நான் இன்னும் அந்தக் கொலைகாரிக் கூட்டம்.

மார்ச் 22

மாநிலத் தலைநகர் டொபீகாவில், அவையின் பார்வையாளர் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. நெருக்கமான கணக்கு, ஒவ்வொரு ஓட்டும் வேண்டியிருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது எழுந்து, "ஆம்" என்றாள். மேலே பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

வெளியே ஒரு நிருபர் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் தோழியாயிற்றே, அவரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்றார். வாயைத் திறந்தேன்.

"நல்ல மாட்டு டாக்டர்" என்றேன்.

கார் நிறுத்துமிடத்தில் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஏப்ரல் 16

மளிகைக்கடையில், மாவு அடுக்கியிருக்கும் வரிசையில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். ரொம்ப இளைத்துவிட்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன், கிட்டே வந்தாள்.

"அன்னிக்கு நடந்ததை ஏன்டி சொல்லல? பிலிப்பா கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தினமும் எதிர்பாத்துட்டே இருந்தேன்."

"அது நான் சொல்ற விஷயமா, டெல்ஃபின்?"

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. என் தள்ளுவண்டியின் கைப்பிடியில், என் கைமேல், தன் கையை வைத்தாள். கன்று இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அதே கை.

வரிசையின் முனையில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.