கணக்கெடுக்க வந்தவருக்கு விருந்து

அன்புள்ள அம்மாவுக்கு, குல்சாய் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் நாரினில் பனி விழத் தொடங்கிவிட்டதா?

பள்ளி விட்டதும் நான் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கு நேற்று அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். காது கேளாத பெண்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நடக்கும் எங்கள் கடையைப் போல பிஷ்கெக் நகரில் எத்தனை இருக்கின்றன, அவை பிழைக்குமா என்று கணக்கெடுக்கிறார்களாம். தள்ளாடும் கடைகளுக்கு வாடகை உதவி உண்டு.

கடை நடத்தும் புருல் அக்கா சும்மா இருப்பாரா? அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி, மேசை நிறையக் கறியும் தேனும் போர்சோக் பலகாரமும் பரப்பிவிட்டார்.

"கணக்குல நஷ்டம், மேசையில ஆட்டுக்கறி. நான் எதைக்கா எழுதுறது?" என்றார் வந்தவர்.

"வந்தவங்களுக்கு வெறும் டீயா வைப்பாங்க? முதல்ல சாப்பிடு தம்பி!"

அவர் ‘நல்ல நிலை’ என்று எழுதிக்கொண்டார். அக்கா கெஞ்சியதால் நாளை மறுபடி பார்க்க வருகிறார். "நாளைக்கு வெறும் டீதான், சத்தியம்" என்று அக்கா எங்களிடம் சைகையில் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கடையை மூடினால் மாடியில் என் அறையும் போய்விடும். சித்தி வீட்டில் இடம் இருக்குமா என்று சும்மா கேட்டு வையுங்கள்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. விளக்கை அணைக்க வேண்டும். கீழே அவர் இன்னும் தூங்கவில்லை. போர்சோக் பொரிக்கும் வாசனை மாடிவரை வருகிறது, அம்மா.

உங்கள் குல்சாய்