எதிரில் வைத்த சப்பாத்து

செயின்ட்-மிஷேல்
பெப்ரவரி 6, 2025

அன்புள்ள நேசம்,

செவ்வாய்க்கிழமை லவாலில், உமது நடன வகுப்பு யன்னலை எட்டிப் பார்க்கக் குப்பைத் தொட்டியில் ஏறி நின்றது நான்தான். தொட்டியோடு சறுக்கிப் பனிக்குள் விழுந்ததும் நான்தான். உள்ளே எல்லாரும் சிரித்தது கேட்டது.

கைத்தொலைபேசியில் நீர் என்னை முடக்கி வைத்திருப்பதால் தபாலில் சுகம் விசாரிக்கிறேன். நீர் கோபித்துக்கொண்டு உமது தங்கச்சி வீட்டுக்குப் போன பிறகு இங்கே ஒன்றும் கைக்கு அகப்படுவதில்லை: தேங்காய் திருவலை, நகவெட்டி, என் கலியாணச் சப்பாத்து. கறிவேப்பிலைச் செடி மட்டும் பிழைத்திருக்கிறது.

நம் சங்கத்துச் சண்முகலிங்கம் உம்மை மெத்ரோ ரயிலில் கண்டானாம். "நேசமக்கா வாய் திறந்தா ரிவார், ரிவார் எண்டுதான் கதைக்கிறா. ஆரண்ணை அது?" என்றான்.

தேடிப் பார்த்தேன். அர்மான் ரிவார்: எங்கள் செயின்ட்-மிஷேலில் கல்லுடைத்த ஒருவரின் மகன். ஹாலிவுட்டின் பழைய இசைப்படங்களுக்கு நடனம் அமைத்தவர். தனக்கு நீந்தத் தெரியாமலே நடிகைகளைத் தண்ணீருக்குள் ஆட வைத்தவர். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் வேலை போய், ஹோட்டல் விருந்தாளிகளுக்கு வால்ட்ஸ் நடனம் பழக்கிச் செத்தவர். செத்து நீண்ட காலம் என்று வாசித்ததும் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

பிறகுதான் யன்னலில் கண்டது நினைவு வந்தது. உமக்கு எதிரே தரையில் ஒரு சோடி ஆண் சப்பாத்து, முகம் தெரியுமளவு பளபளப்பு. செத்தவருக்குச் சப்பாத்து எதற்கு?

சுளுக்கிய காலுடன்,
நகுலேஸ்வரன்


புரோசார்ட்
பெப்ரவரி 15

நகுலேஸ்வரன் அவர்களுக்கு,

நலம். துப்பறிவதென்றால் முழுதாகத் துப்பறிய வேண்டும். ரிவார் சோடிகளைச் சேர்ந்து ஒத்திகை பார்க்க விடமாட்டார். தனித்தனி அறை, ஒரே பாட்டு. எதிரில் மற்றவரின் சப்பாத்து இருக்கும். அதை மிதிக்காமல் ஆட வேண்டும். படப்பிடிப்பு அன்றுதான் ஆளைச் சேர்ப்பார். எங்கள் டீச்சரும் அப்படித்தான்.

என் சோடி யாரென்று மே மாத விழாவில் தெரியவரும். உங்கள் சங்க மலரில் 'என் மனைவியின் வாத்து நடை' என்று எழுதி ஊரையே சிரிக்க வைத்தீர்கள். அந்தச் சப்பாத்து இதுவரை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சிவநேசம்


செயின்ட்-மிஷேல்
பெப்ரவரி 24

அன்புள்ள நேசம்,

அப்படிப் பொலிஷ் போடுகிறவன் ஒழுங்கானவன், அதுதான் பயமாக இருக்கிறது. நம் ஆட்களில் நகைக்கடை அருமைராசாவைத் தவிர யார் அப்படி? கடைக்குப் போய்க் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். "என்ன நகுலண்ணை, தோடு விழுந்திட்டுதோ?" என்று அவனும் குனிந்து தேடினான். இரண்டு வாடிக்கையாளரும் சேர்ந்து தேடினார்கள். கண்டது ஓட்டப் பந்தயச் சப்பாத்து. ஆனால் அது வேடமாகவும் இருக்கலாம்.

பகிடியை விடுவம். நீர் திரும்பி வருவீரா, அல்லது கறிவேப்பிலையையும் அங்கே அனுப்பிவிடவா? ஒரு வரி போதும்.

நகுலன்


புரோசார்ட்
மார்ச் 5

இஞ்சாருங்கோ,

அருமைராசா பாவம், விடுங்கோ. மற்ற அறையில் ஒருவரும் ஆடவில்லை. டீச்சரிடம் என் சோடிக்குக் கொஞ்சம் கால் சுகமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரிவாரின் முறை கலைக்காக வந்ததும் இல்லையாம். முதன்முதலில் அப்படிச் செய்த படத்தில் ஆடியவர்கள் புருஷன் பெண்சாதி. அந்த நேரம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லையாம். வேறு வழி தெரியாமல்தான் மனிசன் அப்படிச் செய்தாராம்.

மே மாதத்துக்கு எனக்கு இரண்டு கால் வேண்டும். மலருக்கு எழுதுகிற கை வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கோ, அனுப்பவேண்டாம்.

அன்றைக்குக் கோபத்தில் வெளிக்கிட்டபோது, கதவடியில் கிடந்ததை எல்லாம் பைக்குள் வாரிப் போட்டுவிட்டேன். நீங்கள் யன்னலில் கண்டது உங்கள் கலியாணச் சப்பாத்து. பொலிஷ் போட்டது நான்.

சிவநேசம்