ஆர்.டி.ஓ. சாப்பிட்ட வீடு

கீழப்புளியங்குளம்
3.9.2024

அன்புள்ள தம்பி பாலகுருவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் ரூமில் உன் சூப்பர்வைசர் வாசுவின் ஆட்கள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்றாய். அதனால்தான் ஹபீப் முகம்மது கடை முகவரிக்குக் கடிதம்.

நம் பாதையில் முத்துராமன் போட்ட கம்பிவேலி அப்படியே இருக்கிறது. ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. போன வாரம் உன் அத்தானை, இடுப்பு முறிந்த மனுஷனை, கட்டிலோடு நாலு பேர் வேலிக்கு மேலே தூக்கினோம். வலியில் என் கையைக் கடித்துவிட்டார்.

பாதை வழக்கை விசாரிக்கிற ரெவின்யூ ஆர்.டி.ஓ. முத்துராமன் பக்கம் சாய்கிறார், வேறு அதிகாரி வேண்டும் என்று கலெக்டருக்கு மனுக் கொடுத்தேன். பார்த்த சாட்சி கேட்கிறார்கள். விசாரணையன்று காலையில் ஆர்.டி.ஓ. முத்துராமன் வீட்டில் சாப்பிட்டார். லீவில் வந்திருந்த நீதானே, விசா தந்த வீடு என்று உதவிக்குப் போய், பரிமாறினாய்? பார்த்ததை எழுதி, எம்பசியில் கையெழுத்துப் போட்டு இம்மாதம் 30க்குள் அனுப்பு. வேலி பற்றிப் பேசினார்கள் என்றும் எழுதச் சொல்கிறார் வக்கீல்.

உன் அக்கா,
பானுமதி

அப்பாசியா, குவைத்
11.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் எம்பசியில் ஒரிஜினல் பாஸ்போர்ட் கேட்பார்கள். அது வாசுவின் மேசை டிராயரில் இருக்கிறது. முத்துராமனின் தம்பியிடமே போய், உங்கள் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றா கேட்பது? விசா வாங்கித் தந்தவரும் அவர்தான். ‘ஓடிப்போய்விட்டான்’ என்று அவர் ஒரு புகார் கொடுத்தால் என்னை போலீஸ் பிடிக்கும்.

அவர்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. விழாததை எப்படி எழுதுவது? கோபப்படாதே.

தம்பி,
பாலகுரு

கீழப்புளியங்குளம்
19.9.2024

தம்பிக்கு,

கையெழுத்துப் போடாதே. நேற்று முத்துராமன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “குவைத்துக்கு லெட்டர் எல்லாம் போகுதாமே பானு. தம்பி சௌக்கியமா?” என்று சிரித்தபடி கேட்டார். பாதை போனால் போகட்டும். அத்தானைத் தூக்க ஆள் இருக்கிறது. நீ ஊர் வந்து சேர்.

அக்கா

அப்பாசியா
25.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வாசுவிடம் உள்ளதைச் சொல்லித்தான் பாஸ்போர்ட் கேட்டேன். பொய் சொன்னால் நாக்குக் குழறும், மாட்டிக்கொள்வேன். அவர் கத்தவில்லை. டிராயரைத் திறந்து கொடுத்தார். “போய்ட்டு வா. வந்ததும் இதே மேசைல வை. அப்புறம் பேசிக்கலாம்,” என்றார். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உன்னிடம் ஒன்று மறைத்தேன். என் காதில் விழுந்தது. மூன்றாவது தோசையை வைக்கும்போது ஆர்.டி.ஓ. சொன்னார்: “வேலியப் பிரிக்காதீங்க. விசாரணை சும்மா ஒரு கணக்குக்குத்தான்.” முத்துராமன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சட்னி எடுக்கப் போகிறவன் போல உள்ளே போய்விட்டேன். ஐந்து மாதமாக அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இருந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. காகிதம் இதோடு இருக்கிறது. வக்கீல் கையில் நீயே கொடு.

ஹபீப் பாய் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை டியூட்டிக்கு முன் அதை வாசு மேசையில் வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் நான் தங்கும் கேம்புக்குத் திரும்ப முடியாது.

நானாகக் கூப்பிடும்வரை இந்த முகவரிக்கு எழுதாதே. அத்தானை இனிமேல் வேலிக்கு மேலே தூக்க வேண்டாம்.

பாலகுரு