முன் இருக்கை

மார்ச் 12, ஞாயிறு

குளிர் இன்னும் விட்டபாடில்லை. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு விடுமுறை. துணி துவைத்து, சூப் வைத்து, பத்து மணிக்குள் வீட்டு வேலை எல்லாம் தீர்ந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. கையில் வேலை இருந்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

எலாதியோ கொட்டகைக்குள் போய், நாங்கள் இருவரும் சேர்ந்து மிதிக்கிற இரட்டை சைக்கிளைத் தடவிக்கொண்டிருந்தான். அக்டோபருக்குப் பிறகு நான் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்று பத்துவேகாஸ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் மலைரோட்டில் காட்டுமான் குறுக்கே பாய்ந்தது. நான் பிரேக்கை இறுக்கினேன். இருவரும் உருண்டோம். எனக்குக் காறை எலும்பு முறிந்தது, அவனுக்கு இடுப்பு. குளிர்காலம் முழுவதும் அவன் படுக்கையில் கிடந்தான். இப்போது மிதிக்கலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

"செயினுக்கு எண்ணெய் போட்டாச்சு. நீ வர்றியா, இல்ல நான் தனியா கிளம்பட்டுமா?"

கண் தெரியாத புருஷன் தனியாகக் கிளம்புகிறானாம். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஊருக்கு வெளியே சின்ன ஏற்றம், அதைவிடச் சின்ன இறக்கம். குழந்தைகள் பொம்மை வண்டி விடுகிற சரிவு அது. அதில் முழுக்க முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன்.

"ஏதோ தீயுற வாசனை வருதே. அடுப்புல எதையாவது வச்சிட்டு வந்துட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்டான். தீய்ந்தது பிரேக் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 14

கை இன்னும் வலிக்கிறது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து.

மார்ச் 19, ஞாயிறு

மறுபடியும் அதே சரிவு. மறுபடியும் அதே வாசனை. இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை.

அவனிடம் எதையும் மறைக்க முடியாது. இரட்டை சைக்கிளில் முன் பெடலும் பின் பெடலும் ஒரே செயினில் ஓடுகின்றன. என் கால் நின்றால் அவன் காலும் நிற்கும். நான் பயந்தால் அந்தப் பயம் அவன் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முகத்தை வைத்து ஏமாற்றலாம், குரலை வைத்துக்கூட ஏமாற்றலாம். காலை வைத்து ஏமாற்ற முடியாது.

பன்னிரண்டு வருடமாக நான்தான் முன் இருக்கை. வளைவு, பள்ளம், மாட்டுச் சாணம், எதிரே லாரி, எல்லாவற்றையும் கத்திச் சொல்வது என் வேலை. வாரம் முழுவதும் அவன் சதுக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறான். வருகிறவன் போகிறவன் எல்லாம் முழங்கையைப் பிடித்து அங்கே இங்கே நகர்த்துகிறான். தபால் பொட்டலத்தை நகர்த்துவது மாதிரி. சைக்கிளில் மட்டும்தான் அவனை யாரும் பிடிப்பதில்லை. முதன்முதலில் மலையிறங்கிய அன்று அவன் சொன்னான்: "இப்பத்தான் நான் ஆம்பளையா உக்காந்திருக்கேன்."

அதை அவனுக்குக் கொடுத்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இருந்தது.

மார்ச் 26, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கு கணவாய்க்குப் போவோம். அந்தப் பக்கம் பத்துவேகாஸ் இறங்கிடலாம். விழுந்த இடத்தை ஒரு தடவை தாண்டிட்டா போதும், பெனிதா, அதோட முடிஞ்சது," என்றான். காலையிலேயே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாறை சரிஞ்சு விழுந்திருக்காம். ரோட்டை மூடிட்டாங்க," என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "எப்ப திறப்பாங்களாம்?" என்று கேட்டான். "யாருக்குத் தெரியும்? நம்ம ரோட்டுக்காரங்க வேகம் உனக்குத் தெரியாதா?" என்று கூடுதலாக வேறு சேர்த்துக்கொண்டேன்.

வடக்கே எல் கபாக்கோ கிராமத்துப் பக்கம் போனோம். ஓக் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமான சாது ரோடு. நன்றாகத்தான் மிதித்தோம். அவன் பாட்டுக்கூட முணுமுணுத்தான். வீட்டில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சட்டை விலை, மாமியார் போன் செய்தது, டாக்டர் சொன்னது. ரோட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

பாறையை இன்னும் எடுக்கவில்லை என்று இன்றும் சொன்னேன். சரி என்றான். மறுபடி எல் கபாக்கோ.

விசியின் காப்பிக் கடையில் நிறுத்தினோம். உள்ளே சைக்கிள் சங்கத்துக்காரர்கள் கும்பலாக உட்கார்ந்து முட்டை அடைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம்.

"வந்துட்டாங்கப்பா நாலு கால் ஜோடி!" என்றாள் விசி. "பெனிதா, பின்னாடி இருக்கறவன் மிதிக்கிறானா, இல்ல சும்மா சவாரிதானா?"

"நான் மிதிக்கலேன்னா இவ இன்னும் வீட்டு வாசல்ல நின்னுட்டிருப்பா," என்றான் எலாதியோ. எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்படி மலர்ந்தது!

அப்போதுதான் ரொசெந்தோ வாயைத் திறந்தான். தச்சுப்பட்டறை வைத்திருக்கிறானே, நெடுநெடுவென்று, அவன்தான். "நீங்க ஏன் அந்தப் பக்கம் வரலே? காலைல பத்துவேகாஸ் இறங்கி ஏறிட்டு வர்றோம். செர்ரி எல்லாம் பூத்துக் கிடக்கு."

என் கையில் காப்பி. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை.

"பாறை விழுந்து மூடியிருக்குன்னாங்களே," என்றான் எலாதியோ.

"பாறையா? எந்தப் பாறை? ரோடு வழுவழுன்னு இருக்கு."

ஒரு நொடிதான். எலாதியோ ரொட்டியை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினான். "அப்ப நேத்துதான் எடுத்திருப்பாங்க. இல்ல, பெனிதா?"

"ஆமா," என்றேன்.

அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காப்பாற்றிவிட்டான். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகுதான் பேசினான். "போன திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். சதுக்கத்துல நாள் பூரா நிக்கிறேன், எந்த ரோட்டை மூடினாலும் எனக்குச் சொல்லாமலா இருப்பாங்க? நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

ஒரு வாரம் காத்திருந்திருக்கிறான். இன்று காலையில் பாறை என்றதும் சரி என்று வேறு சொன்னானே, பாவி.

ஏப்ரல் 4

பேசுகிறோம். உப்பு எங்கே, சாவி எங்கே, இவ்வளவுதான்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

ஊரெல்லாம் கோயிலில் இருந்தது. நான்தான் அவனைக் கிளப்பினேன். "வா, பத்துவேகாஸ் போகலாம்." அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பி, உண்மையா என்று முகத்தாலேயே கேட்டான். உண்மைதான் என்றேன்.

ஏற்றத்தில் எனக்குப் பயமே இல்லை. காலுக்கு இன்னும் பழைய வலு இருக்கிறது. கணவாய் வரை ஒரே மூச்சு. மேலே காற்று பிடுங்கி அடித்தது. "தயாரா?" என்று கேட்டேன். "ஆறு மாசமா தயார்," என்றான்.

முதல் வளைவு இறங்கிவிட்டேன். இரண்டாவதும். மூன்றாவதில் ரோடு கண்ணை விட்டு மறைந்து கீழே பள்ளத்தாக்கு மட்டும் தெரிந்தபோது என் கை பூட்டிக்கொண்டது. அதைக் கை என்று சொல்வதா? என் பேச்சைக் கேட்கவே இல்லை. சைக்கிள் நின்றுவிட்டது. ஐயோ, முடியலடா எலாதியோ, முடியல, முடியல — இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திருப்பிக்கொண்டு மேலே தள்ளினோம். நான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ள, அவன் பின் இருக்கையைப் பிடித்தபடி நடந்தான். இடுப்பு சரியாகாததால் நடக்கும்போது சாய்கிறான். ஒரு கார் நின்றது. "உதவி வேணுமா?"

"வேணாம். என் பொண்டாட்டிக்கு இன்னிக்கு நடக்கணும்னு ஆசை," என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கார் போன பிறகு பார்த்தேன், அவன் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

கீழிருந்து ரொசெந்தோ தனியாக ஏறி வந்தான். எங்களைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். ஒன்றும் கேட்காமல் கணவாய் வரை கூடவே நடந்தான். நல்லவன். அவன் மீது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஏப்ரல் 11

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். கடைந்த உருளைக்கிழங்கைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே.

"எனக்கு மட்டும் பயமில்லேன்னு நினைக்கிறியா? எனக்கும் பயம்தான். ஆனா உன் பயத்தையும் சேத்து என்னால மிதிக்க முடியல, பெனிதா."

நான் தண்ணீர்க் குவளையை அவன் கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ரொசெந்தோவை முன்னாடி உக்காரச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"கேளு," என்றேன். வேறு என்ன சொல்ல? கேட்காதே, வீட்டிலேயே கிட, எனக்குத் துணையாக நீயும் பயந்துகொண்டு கிட என்றா?

ஏப்ரல் 23, ஞாயிறு

அவனும் ரொசெந்தோவும் பத்துவேகாஸ் போய்விட்டு வந்தார்கள்.

நான் அடுப்படியை இரண்டு முறை கழுவினேன். ஜன்னலைத் துடைத்தேன். போனை எடுத்துப் பார்த்தேன், வைத்தேன். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் எந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வாசலில் அவன் சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் சைக்கிள். முகம் காற்றில் சிவந்து போயிருந்தது. "அவன் கத்துறான் பாரு, வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கத்துறான், ஆட்டை ஓட்டுற மாதிரி! ஆனா கையைப் பிரேக்குல வைக்கிறதே இல்ல!" இரண்டு தட்டு சாப்பிட்டான். ரொசெந்தோவையும் உட்கார வைத்துப் பரிமாறினேன். "ரொம்ப நன்றி," என்று அவனிடம் சொன்னேன். நாக்கு அழுகிப் போகாதா எனக்கு.

ஒன்று எழுதுகிறேன், எழுதாமல் விட்டால் நெஞ்சில் கிடந்து அறுக்கும். காத்திருந்தபோது, அடி படாமல் லேசாக விழுந்துவிடக் கூடாதா என்று நினைத்தேன். சும்மா ஒரு சிராய்ப்பு. ரொசெந்தோவும் வேண்டாம் யாரும் வேண்டாம் என்று இவன் திரும்பி வர வேண்டும். நான் அப்படி நினைத்தேன். இவனுக்கு மனைவியாக இருக்கிற நான்.

மே 1

அவன் சதுக்கத்தில் இருக்கும்போது என் பழைய ஒற்றைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கணவாய்க்குப் போனேன். பின்னால் யாரும் இல்லை, என் உயிர் மட்டும்தான், போனால் போகட்டும் என்று. முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியவில்லை.

ஆக, அவனுக்காகப் பயந்தேன் என்பதும் பொய்.

மே 14, ஞாயிறு

விசி மாத்திரை வாங்க நேற்று மருந்துக்கடைக்கு வந்தாள். "என்னடி, புருஷனை ரொசெந்தோவுக்கு வாடகைக்கு விட்டுட்டியாமே!" என்று உரக்கச் சொன்னாள். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். "ஆமா, நல்ல வாடகை தர்றான்," என்றேன். எல்லோருக்கும் சிரிப்பு. உள்ளே போய் அலமாரிக்குப் பின்னால் நின்று, மூச்சு சமமாகும் வரை மருந்துப் பெட்டிகளின் பெயர்களைப் படித்தேன்.

இன்று அவர்கள் போன பிறகு கோயிலுக்குப் போனேன். என்னைப் பார்த்துப் பாதிரியாருக்கே ஆச்சரியம். மண்டியிட்டேன். கேட்க ஒன்றும் வரவில்லை. தைரியம் கொடு என்று கேட்கலாம். கொடுத்தாலும் இனி எங்கே உட்காருவது?

மே 20

எலாதியோ என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறான். முன்பைவிடப் பிரியமாக. முடியாத ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறான். சதுக்கத்தில் ஊரார் அவனிடம் பேசுவார்களே, அந்தக் குரல். அவனுக்கே தெரியாது.

மே 28, ஞாயிறு

விடிந்ததும் எழுந்துவிட்டேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். டயருக்குக் காற்று அடித்து வைக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன்.

முன் இருக்கையை உயர்த்தியிருந்தார்கள். இத்தனை வாரம் ரொசெந்தோ என் உயரத்திலேயே முழங்கால் மடங்க மிதித்திருக்கிறான் போலிருக்கிறது. போன வாரம்தான் துணிந்து ஏற்றியிருக்க வேண்டும். ஒரு சாண் இருக்கும். சுவரில் சாய்த்து வைத்தபடியே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் கால் பெடலுக்கு எட்டவில்லை. கட்டை விரல் நுனி மட்டும் உரசிற்று.

அப்போது இருக்கை எனக்குக் கீழே ஆடியது. குனிந்து பார்த்தேன். அவசரத்தில் முடுக்கியிருக்கிறான். தச்சனுக்கு மரம்தான் தெரியும். இப்படியே விட்டால் இறக்கத்தில் சடாரென்று கீழே இறங்கும், கைப்பிடி திரும்பும், இரண்டு பேரும் போவார்கள்.

சுவர் ஆணியில் தொங்கிய அலன் கீயை, போல்ட் முடுக்குகிற சாவியை, எடுத்தேன். என் உயரத்துக்கு இறக்கி வைப்பது ஒரு நிமிட வேலை. கேட்டால், ஆடிக்கொண்டிருந்தது, சரி செய்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை.

ரொசெந்தோவின் உயரத்திலேயே நேராகப் பிடித்து முடுக்கினேன். முழு எடையையும் கொடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் ஒரு அரைச் சுற்று முடுக்கினேன்.

"பெனிதா, அவன் வந்துட்டானா?" என்று குளியலறையிலிருந்து கத்தினான்.

"இன்னும் இல்ல. நீ ஈரத்தோட நிக்காதே," என்றேன்.

பிறகு இரண்டு டயருக்கும் காற்று அடித்தேன். ரொசெந்தோ வந்ததும் கொட்டகைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். சந்து முனை திரும்பும் வரை எலாதியோவின் முதுகு தெரிந்தது.

இந்நேரம் இறங்க ஆரம்பித்திருப்பார்கள்.