பின்சுவர்க் கருங்கல்

ஞாயிறு, தைப்பூசத்துக்கு முந்திய வாரம்

தோட்டத்துக் கோயிலின் புது மண்டபத்தை இன்று திறந்தார்கள். கட்டும்போதே, எந்தச் சுவர் ஒலியை எவ்வளவு விழுங்கும் என்று கணினியில் மாதிரி அமைத்து ஓட்டிக் காட்டினேன். எதிரொலிக்கும், பின்சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டுங்கள் என்றேன். கோயில் தலைவர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"யூனிவர்சிட்டில இதானா படிச்ச, பாப்பா? கேம் மாதிரி இருக்கு லா."

பலகைக்குப் பதிலாகத் தன் பெயர் வெட்டிய கருங்கல்லைச் சுவர் முழுக்கப் பதித்தார்.

இன்று அவர் பேசியது ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. சனம் பாதியிலேயே சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

"இப்ப என்னம்மா செய்றது?"

"கல்லப் பேத்துட்டுப் பலகை ஒட்டணும், தலைவரே. வேற வழியே இல்ல."

பக்கச் சுவர்களில் தடித்த திரை தொங்கவிட்டாலே போதும். அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சொல்கிறேன், முதலில் அந்தப் பெயர் இறங்கட்டும்.